பயந்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது? மூளைத்தண்டு பற்றிய கேள்வி பதில்

உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன் நான். மன அழுத்தம் வரும்போது மூளைத்தண்டு இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் என்ன செய்கிறது என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பயந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்வது அட்ரினலின் சுரப்பதால்தானே சார்?

பதில்: பாதிதான் சரி. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து கிளம்பி, ரத்தத்தோடு ஓடி இதயத்துக்கு வர அட்ரினலினுக்கு நேரம் பிடிக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறினால் ஓரிரு துடிப்புக்குள் வேகம் ஏறிவிடுகிறது.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா இருக்கும்போது 70 என்று காட்டுவது, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடித்திருப்பதால். பயம் வந்ததும் முகுளம் முதலில் அந்தப் பிடியை விடுகிறது. ஆக்சிலேட்டரை மிதிப்பது அப்புறம்தான்: துடிப்பை ஏற்றி, குழாய்களை இறுக்கும் பரிவு நரம்பின் வேலை தெரியச் சில நொடிகள், அட்ரினலின் அதற்கும் பின்னால்.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் நரம்புகள் அறுபட்டுவிடுவதால் ஓய்வில்கூட அவர்களுக்கு 90, 100 என்று ஓடும். அதிர்ச்சி வந்தாலும் உடனே ஏறாது. அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு மெல்ல ஏறும்.

கேள்வி: முகுளத்தில் எந்த இடம் பி.பி.யை ஏற்றுகிறது?

பதில்: முகுளத்தின் மேல்பாதியில், முன்பக்க ஓரமாக ஒரு சின்ன நியூரான் (நரம்பு செல்) கூட்டம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு 'சி1' வகை. இவை தண்டுவடத்துக்கு நேராக இழை அனுப்பி, பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகின்றன. ஓய்விலும் இவற்றுக்கு லீவு கிடையாது. இவை ஓய்ந்தால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிந்துவிடும். 1870களில் ஜெர்மனியின் லைப்சிக்கில், உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில் விலங்குகளின் மூளையை மேலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். முகுளம் மிஞ்சியிருந்தவரை அழுத்தம் நின்றது, அதைத் தாண்டியதும் விழுந்தது.

ஒரு வேடிக்கை: சி1 நியூரான்கள் அட்ரினலினைத் தயாரிக்கும் நொதியை வைத்திருக்கின்றன. அதை வைத்துத்தான் அடையாளமே காண்கிறோம். ஆனால் தண்டுவடத்தில் முக்கியமாகத் தகவல் சொல்வது குளூட்டமேட் என்ற வேறொரு வேதிப்பொருள் மூலம்.

கேள்வி: பி.பி. ஏறினால் உடம்பே இறக்கிவிடும் என்று படித்தேன். டென்ஷனில் மட்டும் ஏன் அது நடப்பதில்லை?

பதில்: இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் குழாய்ச் சுவர் விரிவதை உணரும் நரம்பு நுனிகள் உண்டு. அழுத்தம் ஏறினால் அவை முகுளத்துக்குச் சேதி அனுப்பும். உடனே ஒருபக்கம் வேகஸின் பிடி இறுகும். இன்னொரு பக்கம் நடுவில் இருக்கும் தடுப்பு நியூரான்கள் சி1 கூட்டத்தை அடக்கும். துடிப்பும் அழுத்தமும் இறங்கும்.

அப்படியானால் பதற்றத்தில் அழுத்தமும் துடிப்பும் சேர்ந்தே ஏறக் கூடாது. ஏறுகின்றனவே! காரணம், மூளைத்தண்டுக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமசும், மூளைத்தண்டின் மேல்பகுதியான நடுமூளையும் அனுப்பும் கட்டளைகள் முகுளத்தில் இந்தச் சுற்றின் இலக்கையே உயர்த்திவிடுகின்றன. ஏசியில் 24 என்று இருந்ததை யாரோ 28 ஆக்கியது மாதிரி. ஏசி பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. புதிய எண்ணைச் சுற்றி.

கேள்வி: இன்டர்வியூவுக்குப் போனால் கை சில்லிட்டுப் போகிறது. ரத்த ஓட்டம்தான் கூடியிருக்கிறதே?

பதில்: எல்லாக் குழாயும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்கள் இறுகும், தசைக்குப் போவது பெருகும். ஓடவோ மோதவோ தயாராகிறது உடம்பு. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறேன். தைரியம் போதவில்லையா?

பதில்: தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் துடிப்பு ஏறுகிறது, பிறகு திடீரென்று வேகஸ் அழுத்திப் பிடிக்க, பரிவு நரம்புகள் கைவிட்டுவிடுகின்றன. மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. இதற்கு 'வேசோவேகல்' (ரத்தக் குழாய், வேகஸ் இரண்டையும் சேர்த்த பெயர்) என்ற பெயரை 1932இல் பரவச் செய்தவர் பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ். தலை கிறுகிறுக்கத் தொடங்கியதும் தொடை, பிட்டம், கை தசைகளை இறுக்குங்கள், அல்லது படுத்துவிடுங்கள். ஊசிக்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுவது நல்லது. ஓடும்போதோ உடற்பயிற்சியின்போதோ மயக்கம் வந்தால் கதை வேறு, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மூச்சை மெதுவாக விட்டால் படபடப்பு அடங்குமா?

பதில்: ஓரளவு அடங்கும். மூச்சை இழுக்கும்போது வேகஸ் தளரும், விடும்போது இறுகும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி ஆழமாக மூச்சுவிட்டுப் பாருங்கள், பலருக்கு விரலிலேயே தெரியும்.

கேள்வி: வீட்டில் பி.பி. சரியாக இருக்கிறது, டாக்டர் பட்டையைச் சுற்றினால் ஏறுகிறது. எதை நம்புவது?

பதில்: ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவியின் விரலில் நாடி காட்டும் கருவியை மாட்டி, 'மனக்கணக்கு கேட்கப் போகிறேன்' என்றேன். 74இல் இருந்தது 96க்குப் போய்விட்டது. கணக்கை நான் இன்னும் சொல்லவே இல்லை. அப்படித்தான் உங்களுக்கும். 5 நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, இரண்டு தடவை அளந்து, சில நாள் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.