ஆபத்தை அம்மாவிடம் யார் சொல்லியிருக்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. கோயிலில் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர். தைராய்டு கட்டி பெரிதாகி விழுங்கவே சிரமப்பட்டதால், சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு குரல் கம்மிவிட்டது. எட்டு மாதமாகியும் திரும்பவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டதாம். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. டாக்டரிடம் பேசியதெல்லாம் அண்ணன்தான். "சின்ன ஆப்பரேஷன்மா, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்" என்று அவர் சொல்ல, அம்மா கையெழுத்துப் போட்டார். வழக்குப் போடலாமா? டாக்டரின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதப் போவதாக அண்ணன் சொல்கிறார். - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் அண்ணனைத் தடுத்து நிறுத்துங்கள். மருத்துவக் குறிப்புகளையே இன்னும் பார்க்காத நிலையில் பெயரைப் போட்டு எழுதினால், அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் குற்றமும்கூட. கோபத்தில் மருத்துவமனைக்குப் போய்த் தாதியரிடம் சத்தம் போடவும் வேண்டாம். பொது மருத்துவமனை ஊழியரைத் திட்டினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது தொல்லைத் தடுப்புச் சட்டம்.

சரி, வழக்குக்கு வருவோம். குரல் போனதாலேயே டாக்டர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியேதான் போகிறது. கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது பாதிக்கப்படுகிறது. அறுவை சிகிச்சை செய்த விதமே தவறு என்று நிரூபிக்க, அதே துறை நிபுணர் ஒருவர் உங்கள் பக்கம் நின்று கருத்துச் சொல்ல வேண்டும். அது எளிதல்ல. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஆபத்தை முன்கூட்டியே அம்மாவிடம் சொன்னார்களா?

இதில் சட்டம் சில ஆண்டுகளுக்குள் நிறைய மாறியிருக்கிறது. எதைச் சொல்ல வேண்டும் என்பதை நோயாளியின் பார்வையிலிருந்து பார்க்க வேண்டும் என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில், ஓர் ஊசியின் பக்கவிளைவுகளை விளக்கவில்லை என்பதற்காக ஒரு டாக்டருக்கு 1,00,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். மருத்துவர்களிடையே பெரிய சலசலப்பு எழுந்தது. அந்தத் தீர்ப்பு அதே ஆண்டு ஜூலையில் ரத்தானது. அப்புறம் சிவில் லா ஆக்ட் (Civil Law Act) என்ற சட்டத்தில் 37ஆம் பிரிவைச் சேர்த்து, 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் அம்மாவுக்குப் பொருந்துவது அதுதான்.

அதன்படி, டாக்டர் மேல் தவறில்லை என்று ஆக வேண்டுமானால், அவர் ஆலோசனை சொன்ன விதத்தைச் சக மருத்துவர்கள் நியாயம் என்று ஏற்க வேண்டும். ஆனால் நோயாளி தெரிந்து முடிவெடுக்கத் தேவையான தகவல் தரப்பட்டதா என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். அந்த நிலையில் உள்ள யாரும் நியாயமாக எதிர்பார்க்கும் தகவல் ஒரு வகை. அந்த நோயாளிக்கே உரிய கவலை இன்னொரு வகை. அதை அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அல்லது மருத்துவப் பதிவுகளிலிருந்து தெரிந்திருக்கலாம்.

குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்பது, தைராய்டு சிகிச்சைக்குப் போகும் யாரும் எதிர்பார்க்கும் தகவல் என்றே நான் வாதிடுவேன். ஆனால் அம்மா தேவாரம் சொல்லிக்கொடுப்பவர் என்பதை யாராவது டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் வழக்கின் பலமே வேறு. பிழைப்பு, பழக்கவழக்கம், சாப்பிடும் நாட்டு மருந்து, எதை இழக்கவே கூடாது என்று நினைக்கிறோம் என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்வது நோயாளியின் பொறுப்பு. அவராக ஊகிக்க முடியாது.

இனி அண்ணன் விஷயம். சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. கணவரோ மூத்த மகனோ ஆனாலும் இதே நிலைதான். எல்.பி.ஏ. எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருந்தாலும், அவர் முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகுதான் அது செல்லும். "அம்மா பயந்துடுவாங்க, எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்று நம் வீடுகளில் பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாசத்தில் அம்மாவின் முடிவு அம்மாவின் கையை விட்டுப் போய்விடுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

டாக்டர் அண்ணனிடம் மட்டுமே பேசிவிட்டு, அம்மாவுக்குப் புரிந்ததா என்று பார்க்கவில்லை என்றால், அது அவர் தரப்பின் பலவீனம். அவர் எல்லாவற்றையும் சொல்லி, அண்ணன் மொழிபெயர்க்கும்போது ஆபத்தை விட்டுவிட்டார் என்றால் உங்கள் கை தாழும். ஒப்புதல் படிவத்தில் மொழிபெயர்த்தவர் பெயருக்கு இடம் இருக்கிறதா, அங்கே யாருடைய கையெழுத்து என்று பாருங்கள். கையெழுத்து இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. ஆனால் அன்றே எழுதிய குறிப்பை நீதிமன்றம் பெரிதும் நம்பும்.

இன்னொரு தடையும் உண்டு. ஆபத்து தெரிந்திருந்தால் சிகிச்சையை மறுத்திருப்பேன், அல்லது தள்ளிப் போட்டிருப்பேன் என்று அம்மா சொல்ல முடிய வேண்டும். விழுங்கவே முடியாமல் இருந்தவரிடம் எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் கேட்கும். அண்ணன் இல்லாத நேரத்தில் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். குரல் சிகிச்சைக்கும் தவறாமல் அழைத்துப் போங்கள். அது அவருக்கு நல்லது. இழப்பைக் குறைக்க முயன்றாரா என்று நீதிமன்றமும் பார்க்கும்.

அடுத்து, அம்மாவின் கையெழுத்துடன் மருத்துவமனையிடம் பதிவுகளின் நகலையும் மருத்துவ அறிக்கையையும் கேளுங்கள். கட்டணம் இருக்கும். அதைப் பார்த்தபின் டாக்டருடன் ஒரு சந்திப்பு கேட்கலாம். சிங்கப்பூர் மீடியேஷன் சென்டரில் சமரசம் பேசவும் வழியுண்டு; பல குடும்பங்களுக்குத் தேவைப்படும் விளக்கமும் மன்னிப்பும் வழக்கைவிட அங்கேதான் கிடைக்கும். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. இழப்பீட்டுக்கு நீதிமன்றம்தான்: 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர்நீதிமன்றம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் பெரும்பகுதி உங்கள் தலையில் விழும்.

உடல் காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கெடு. பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடும் விதிவிலக்கும் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்காமல், சிகிச்சை நடந்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். நிபுணர் கருத்து வாங்கவே மாதங்கள் பிடிக்கும். வருமானம் குறைவான குடியுரிமையாளரோ நிரந்தரவாசியோ என்றால் லீகல் எய்ட் பியூரோ எனப்படும் அரசின் சட்ட உதவி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க வேண்டியவர் அம்மா, அண்ணன் அல்ல.