பாக்கெட் முழுதாகக் கரைந்துவிட்டது, பிறகு என்ன தவறு?

கேள்வி: என் 14 மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. எடை 10 கிலோ. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் ஒன்றை முழுவதும் ஒரு டம்ளர் (200 மி.லி.) தண்ணீரில் கலந்தேன். குழந்தை ஒரு லிட்டரெல்லாம் குடிக்காது என்பதால் அப்படிச் செய்தேன். நன்றாகக் கரைந்தது, அடியில் துளிகூடப் படியவில்லை. நேற்று மாலையிலிருந்து அரை டம்ளர் கொடுத்திருப்பேன். பேதி குறையவில்லை, தாகம்தான் கூடியிருக்கிறது. கரைசல் 'செறிவு அதிகம்' என்கிறார் உறவினர் ஒருவர். முழுதாகக் கரைந்தபின் எப்படி அதிகமாகும்? பாக்கெட்டைப் பிரித்துக் கால்வாசி மட்டும் கலக்கலாமா?

பதில்: விளக்கத்துக்கு முன்னால் ஒரு வேலை. மீதமுள்ள அரை டம்ளரைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவரானால் தொடர்ந்து கொடுங்கள். இன்றைக்கே குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, 'ஒரு லிட்டர் பாக்கெட்டை 200 மி.லி.யில் கலந்து 100 மி.லி. கொடுத்தேன்' என்று இதே சொற்களில் சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியம் அளவைப் பார்ப்பார்கள்; லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. குழந்தை விடாமல் கீச்சென்று அழுதாலோ, எழுப்பினாலும் கண் செருகினாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். உப்பு கூடிவிட்டதே என்று பயந்து வீட்டிலேயே வெறும் தண்ணீரை மடமடவென்று புகட்டாதீர்கள். சோடியம் ஏறியிருந்தால் அதை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் மூளைச் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கிவிடும், வலிப்பு வரும்.

இனி உங்கள் கேள்வி. நல்ல கேள்விதான், பள்ளி வேதியியலில் கரைதிறன், செறிவு என்று அடுத்தடுத்துப் படித்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்பவர்கள் ஏராளம். குறிப்பிட்ட வெப்பநிலையில் குறிப்பிட்ட அளவு நீர் ஒரு பொருளை அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பது கரைதிறன். அந்த நீரில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது செறிவு. 100 மி.லி. நீர் சுமார் 36 கிராம் சமையல் உப்பை ஏற்கும். உங்கள் டம்ளரில் 200 மி.லி., அதாவது 72 கிராம் உப்புக்கு இடம் இருந்தது. பாக்கெட்டில் இருந்ததோ 2.6 கிராம். குளுக்கோஸுக்கு இடம் இன்னும் தாராளம். அடியில் படியவில்லை என்றால் கரைசல் தெவிட்டவில்லை, அதாவது நீர் ஏற்கும் உச்ச அளவை எட்டவில்லை என்று மட்டுமே பொருள். குழந்தையின் குடலுக்கு அது ஏற்றதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சரியான கரைசலும் ஐந்து மடங்கு கெட்டியான கரைசலும் ஒரே மாதிரி தெளிவாகத்தான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ்.ஸில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் இருக்கும். இதை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல் கிடைக்கும். மில்லிமோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு. உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரியும், குளுக்கோஸ் பிரியாது. எல்லாவற்றையும் கூட்டினால் 245. இதைத்தான் ஆஸ்மோலாரிட்டி என்கிறோம். ரத்தத்தில் இது 275 முதல் 295 வரை. ரத்தத்தைவிடச் சற்று நீர்த்த கரைசல் என்பதால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் எளிதாகச் செல்கிறது. பழைய சூத்திரத்தில் இந்த எண் 311. 245-க்கு இறக்கிய பிறகு மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்தன.

இப்போது உங்கள் டம்ளர். அதே 20.5 கிராம், ஐந்தில் ஒரு பங்கு நீர். எல்லா எண்ணையும் ஐந்தால் பெருக்குங்கள்: சோடியம் 375, ஆஸ்மோலாரிட்டி 1225. ரத்தத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் கெட்டியான கரைசல் குடலுக்குள் போனால் நீர் எதிர்த்திசையில் ஓடும். உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். பேதி குறையாததற்கும் தாகம் கூடியதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். நீங்கள் கொடுத்த 100 மி.லி.யில் 37.5 மில்லிமோல் சோடியம் இருந்தது. முறையாகக் கலந்திருந்தால் அது அரை லிட்டர் நீரோடு சேர்ந்து உள்ளே போயிருக்கும். உப்பு வந்துவிட்டது, அதோடு வர வேண்டிய 400 மி.லி. நீர் வரவில்லை.

எதிர்த் தவறும் உண்டு. உப்புக் கரிக்கிறது என்று ஒரு பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கலப்பார்கள். சோடியம் 37-க்கு இறங்கிவிடும். பேதியில் உப்பை இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு இது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ரத்த சோடியம் குறைந்தாலும் வலிப்பு வரும்.

சர்க்கரை எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. சக்திக்கு என்று நினைக்கிறார்கள். சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் ஒரு புரதம் இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே கொண்டுபோகும். பின்னாலேயே நீர் செல்லும். இந்த இணைப்பை 1960-ல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். பேதியின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. ஆகவே குளுக்கோஸ் இங்கே சாவி மாதிரி. ருசிக்காகக் கூடுதலாகப் போடுவது வேறு கதை. சரியாகக் கலந்த 200 மி.லி. கரைசலில் ஒரு டீஸ்பூன், அதாவது 4 கிராம் சர்க்கரை சேர்த்தால் லிட்டருக்கு 58 மில்லிமோல் ஏறும். குடலில் அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைந்ததும் இரட்டிப்பாகி 117 ஆகும். 245 என்பது 360-ஐத் தாண்டிவிடும். பழச்சாறு, குளிர்பானம், பால் எதிலும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கலக்கக் கூடாது என்பதற்கும் இதே கணக்குதான்.

பாக்கெட்டைப் பிரிக்கலாமா என்றால், கூடாது. பொடியில் உள்ள நான்கு பொருள்களின் துகள்களும் ஒரே அளவில், ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. குலுங்கும்போது சில அடிக்கு இறங்கும், சில மேலே தங்கும். கால்வாசிப் பொடியில் கால்வாசி உப்பு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கரைந்த பிறகு நிலைமை வேறு. நன்கு கலக்கிய கரைசலின் எந்தத் துளியை எடுத்தாலும் செறிவு ஒன்றே. முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரைத்து, அதிலிருந்து வேண்டிய 50 மி.லி.யை எடுங்கள். மிச்சம் வீணாகிறதே என்று கவலை வேண்டாம், கொட்டிவிடலாம். அது உறுத்தினால் 200 மி.லி.க்கான சிறு பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. உறையில் எத்தனை மி.லி. நீர் என்று அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே கிழியுங்கள். பெரிய பாக்கெட்டைச் சிறியது என்று எண்ணிக் கலப்பதால் வரும் விபத்தும் உங்களுடையதைப் போன்றதுதான்.

கலக்கும் முறை. ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஆறிய நீரை அளந்து எடுங்கள். ஒரு லிட்டர் என்று அச்சிட்ட பாட்டில் போதும், அல்லது மி.லி. கோடு போட்ட பால் புட்டியால் 200 மி.லி. வீதம் ஐந்து முறை ஊற்றுங்கள். டம்ளரை நம்ப வேண்டாம், 150 மி.லி. பிடிப்பதும் 300 மி.லி. பிடிப்பதும் பேச்சில் 'ஒரு டம்ளர்'தான். அளந்த நீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டி, உறையின் மூலைகளைத் தட்டி, தெளியும்வரை கலக்குங்கள். ஆய்வகத்தில் பொருளை முதலில் கரைத்துவிட்டு ஒரு லிட்டர் கோடுவரை நீர் நிரப்புவார்கள். இங்கே ஒரு லிட்டர் நீரில் பொடியைப் போடுகிறோம். வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். அதனால் ஒன்றும் ஆகாது.

கலந்த பிறகு சூடாக்காதீர்கள். கொதிக்கும்போது நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஒரு லிட்டர் 800 மி.லி.யாகச் சுண்டினால் சோடியம் 75-லிருந்து 94-க்கு ஏறிவிடும். சுடுநீரில் போட்டால் 'சத்து கூடுதலாக இறங்கும்' என்பதும் தவறு. சுடுநீரில் வேகமாகக் கரையும், அவ்வளவுதான். போட்டது 20.5 கிராம் என்றால் இருப்பதும் அதுவே. கலந்ததை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். சர்க்கரை உள்ள நீரில் கிருமிகள் நன்றாகவே வளரும். பொடி பழுப்பாகிவிட்டாலோ, கட்டி கரையாமல் நின்றாலோ அந்தப் பாக்கெட் வேண்டாம்.

பாக்கெட் கைக்குக் கிடைக்காதபோது ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கலக்கலாம். டீஸ்பூன் என்பது 5 மி.லி.; மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் இது தற்காலிகம்தான். தலைதட்டாமல் குவித்து அள்ளினால் ஏறத்தாழ இரு மடங்கு வந்துவிடும். இரண்டும் வெள்ளை என்பதால் இடம் மாறி 6 டீஸ்பூன் உப்பு விழுந்தால் லிட்டருக்குச் சுமார் 36 கிராம். கடல்நீரின் உப்பளவு அது. அதுவும் படிவு இல்லாமல் தெளிவாகவே கரையும். ஆகவே புகட்டும் முன் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பது தனிக் கணக்கு. நீரிழப்பு இல்லாத, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி. கண் குழிந்து, எரிச்சலோடு, ஆவலாகக் குடிக்கும் நிலையில் கிலோவுக்கு 75 மி.லி.; 10 கிலோ குழந்தைக்கு 4 மணி நேரத்தில் 750 மி.லி., அதுவும் மருத்துவரின் கண்காணிப்பில். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். கூடவே துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி. வீதம் 10 முதல் 14 நாள். உங்கள் குழந்தைக்கு மட்டும், இன்று சோடியம் முடிவு வந்த பிறகு, எந்தக் கரைசல், எந்த வேகம் என்பதை அங்குள்ள மருத்துவர் சொல்லட்டும்.