சுதேச அறிவைக் கம்பஸில் போய்ப் படிக்கத்தான் வேண்டுமா?

கேட்டிருப்பவர் ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் உயர்தரம் முடித்த தங்கச்சி. "அம்மாயிக்குத் தெரிந்ததைப் படிக்க நாலு வருசம் கம்பஸ் போகணுமா?" என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

போய்ப் படியுங்கள் தங்கச்சி. நான் கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. பேராதனையில் சமூகவியல் படித்தேன். கடைசி வருட ஆய்வுக்கு எடுத்ததே எங்கள் லயத்துக் கைவைத்தியம்தான்.

காய்ச்சல் என்றால் எங்கள் அம்மாயி கொத்தமல்லியோடு வெனிவெல் என்ற கொடியின் துண்டுகளைப் போட்டு அவித்துக் கொடுப்பார். நான் கொப்பியும் பேனையுமாக அடுப்படியில் உட்கார்ந்து, "எத்தனை கிராம் அம்மாயி?" என்று கேட்டேன். வெனிவெல் துண்டுகளை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கினார். மூடிய கைக்குள் அடங்காத இரண்டு துண்டை எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டார். "இது ஒனக்கு. தம்பிக்கின்னா அவன் கைய கொண்டா."

"அளவு திட்டமாக இல்லை" என்று எழுதிக்கொண்டு போனேன். என் மேற்பார்வையாளர் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டார். "குடிக்கிறவருடைய கைதான் அளவு. சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கை. இதைவிடத் திட்டமாக என்ன வேண்டும்?" பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்று அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. கம்பஸ் எனக்குப் புது மருந்து எதையும் சொல்லித்தரவில்லை. இந்தக் கண்ணைத் தந்தது.

அப்புறம் அந்தப் பெயர். நம் வைத்திய நூல்களில் அது மரமஞ்சள். அம்மாயி அந்தச் சொல்லைக் கேட்டதேயில்லை. வெனிவெல் என்பது சிங்களம். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டேன். கீழே கிராமத்திலிருந்து பலாக்காய் கொண்டுவரும் ஒரு சிங்கள அம்மாவிடம் என்றார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் சேனைப் பயிர் நிலத்தையும் பிரித்தானிய முடிக்குரியதாக்கியது. அப்படிப் போன நிலங்கள் பல கோப்பித் தோட்டங்களாயின. அவற்றில் வேலை செய்யத்தான் நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்தார்கள். நிலத்தை இழந்த பக்கத்துப் பெண்ணும் அதே நிலத்துக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட பக்கத்துப் பெண்ணும் காய்ச்சலுக்கு ஒரே கொடியைப் பகிர்ந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அதற்காக நம்மைப் பழங்குடி என்று எழுதிவிடாதீர்கள். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் வேடர்கள். தம்பானையில் இருக்கிறார்கள், வாகரைப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்ததும் தம்பானை வேடர்கள் வேட்டையாடி, தேன் எடுத்த காடே அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. நம்மிடம் இருப்பது கொண்டுவந்ததும் இங்கே பழகியதும் கலந்த அறிவு. அதுவும் படிக்க வேண்டியதே. ஆனால் அவர்களுடைய பெயரை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மேல் டிவிசனுக்கு அப்பால் ஓடைக்கரையில் ஒரு வெனிவெல் கொடி இருந்தது. என் கைத் தடிப்பு. கீறினால் உள்ளே பளிச்சென்று மஞ்சள். அம்மாயி வேண்டிய அளவு மட்டும் வெட்டுவார். நான் அதைப் படம் பிடித்து, இடத்தையும் எழுதி முகநூலில் போட்டேன். இரண்டு மாதத்தில் யாரோ அடியோடு வெட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தத் தடிப்புக்கு ஒரு கொடி வர எத்தனையோ வருடம் வேண்டும். அம்மாயி ஏசவில்லை. அதற்குப் பிறகு விறகுக்குப் போகும்போது என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

1992இன் உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கையில் 8(ஜே) என்று ஒரு பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட அறிவைப் பயன்படுத்தும்போது அதை வைத்திருப்பவர்களின் சம்மதம் வேண்டும், பலனில் அவர்களுக்கும் பங்கு போக வேண்டும் என்கிறது. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்திருந்தேன். ஓடைக்கரையில் அந்த மொட்டை அடியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியா பழைய எழுத்து ஆதாரங்களைக் காட்டியதால் 1997இல் அது ரத்தானது. அம்மாயியின் கை அளவுக்கு எந்த ஏட்டில் ஆதாரம்? அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். இடத்தை விட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றதை விட்டுவிட்டு எழுத வேண்டும். என் ஆய்வில் இரண்டு மருந்துகள் இல்லை. அவை எங்கள் வீட்டுக் கொப்பியில் மட்டும் இருக்கின்றன.

எங்கே படிப்பது? உயிரியல் பிரிவு என்றால் சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இரண்டும் உண்டு. கம்பஹா விக்கிரமாராச்சி சுதேச வைத்தியப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. கலைப் பிரிவு என்றால் சுதேச அறிவு என்ற பெயரிலேயே ஒரு பட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சமூகவியல், புவியியல், தமிழ், எதை எடுத்தாலும் சரி, ஆய்வுத் தலைப்பில் இதைக் கொண்டுவரலாம்.

பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்க எப்படியும் பல மாதம் ஆகும். அதுவரை அம்மாயியோடு மலைக்குப் போங்கள். பதிவு செய்யப் போனை எடுக்கும் முன், இதை யார் யார் கேட்பார்கள் என்று அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் போனை உள்ளே வைத்துவிட்டு, விறகுக் கட்டில் ஒரு பக்கத்தைப் பிடியுங்கள்.