ஃபீட் வருகிறது, மெயில் மட்டும் போகவில்லையா?

கோத்தகிரி நண்பருக்கு, வலைப்பதிவின் ஃபீடை (புதுப் பதிவுகள் தானாகச் சேரும் பட்டியலை) வாசகர்களுக்குக் கொண்டுபோகும் ஃபீட்பர்னர் சேவையில் பதிவு தெரிகிறது, சந்தாதாரர்களுக்கு மெயில் மட்டும் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. 2007இல் அதை வாங்கிய கூகுள், 2021 ஜூலையோடு மெயில் அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டது. ஃபீடை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

ஃபாலோ.இட் மாதிரி ஃபீடைப் படித்து மெயில் அனுப்பும் சேவை ஒன்றைப் பிடியுங்கள். அதற்கு ஃபீட்பர்னர் முகவரியைக் கொடுக்காமல், உங்கள் வலைப்பதிவு இருக்கும் பிளாக்கர் தளத்தின் சொந்த ஃபீட் முகவரியையே கொடுங்கள். பிளாக்கர் செட்டிங்ஸில் ஃபீடைத் திருப்பிவிடும் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பழைய ஃபீட்பர்னர் முகவரி கிடந்தால் அழித்துவிடுங்கள். நான் இதை மறந்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம், முழுப் பதிவையும் அனுப்பாதீர்கள். நான் குன்னூரிலிருந்து படங்களோடு அனுப்பிய மெயில், மஞ்சூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் அத்தை ஃபோனில் கேரட் தோட்டத்துப் படம் பாதி திறந்ததோடு நின்றுபோனது. மழை, மூடுபனி, ஒரே ஒரு கோடு சிக்னல். பிளாக்கரில் ஃபீடைச் 'சுருக்கம்' என்று மாற்றினால் முதல் சில வரிகள் மட்டும் போகும். நீளமான மெயிலை ஜிமெயிலும் 102 கேபிக்கு (கிலோபைட்) மேல் வெட்டிவிடும்.

புதிய சேவையில் சேர்க்க, ஃபீட்பர்னரிலிருந்து பழைய சந்தாதாரர் பட்டியலை இறக்கி வைத்திருக்கிறீர்களா?