ஆக்‌ஷன் படத்தின் முதல் காட்சியில் கேமராவும் சத்தமும் என்ன செய்கின்றன?

கேட்டவர் அநேகமாகக் குறும்படம் எடுக்கப்போகிறவர். முதல் ஷாட் ட்ரோன், முதல் நொடியிலிருந்தே பின்னணி இசை என்று ஏற்கெனவே முடிவு செய்திருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் 7 வருடம் சவுண்ட் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவன். அதனால் கேமராவைப் பற்றிப் பேசினாலும் காதுப் பக்கம்தான் சாய்வேன்.

2008-ல் வந்த 'தி டார்க் நைட்' படத்தின் வங்கிக் கொள்ளையைப் பாருங்கள். ('தமிழில் படமே இல்லையா' என்று யாரும் கிளம்ப வேண்டாம். இருக்கிறது. எழுதினால் கூட வேலை செய்தவர்களோடு எனக்குத்தான் வம்பு.) பட்டப்பகல். கேமரா ஒரு கண்ணாடிக் கட்டடத்தை நோக்கி அவசரமே இல்லாமல் மிதந்து போகிறது. திடீரென்று ஒரு ஜன்னல் வெடித்துச் சிதறுகிறது. அத்தனை ஜன்னல்களில் அதுதான் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் தூக்கிவாரிப் போடுகிறது. அப்புறம் தெருமுனையில் முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன், கையில் தொங்கும் முகமூடி. கேமரா அவனை நெருங்குகிறது, முகத்துக்கு மட்டும் போவதில்லை. முகம் காட்சியின் கடைசியில்தான். அவன்தான் வில்லன் ஜோக்கர். அவனுக்கென்று இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் பிடித்ததும் செல்லோவில் இழுத்த ஒற்றை ஸ்வரத்தைத்தான். மெட்டு என்று முணுமுணுக்க ஒன்றும் இருக்காது, ஆனால் பல் கூசும்.

தொழில்காரன் பொறாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சியை ஐமேக்ஸ் என்ற பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தார்கள். அது ஓடும்போது போடுகிற இரைச்சலில் ஸ்பாட்டில் பேசிய வசனம் தேறுவது கஷ்டம். ஆனால் கொள்ளையர்களுக்கெல்லாம் முகமூடி, உதடே தெரியாது. டப்பிங்கில் நிம்மதியாகப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது என் கதை. ஒரு படம், பெயர் வேண்டாம். ஆரம்பமே கன்டெய்னர் யார்டில் சண்டை. 'முதல் பிரேமிலேயே தியேட்டர் அதிரணும்' என்றார் இயக்குநர். ஒவ்வொரு குத்துக்கும் எட்டு அடுக்கு வைத்தேன்: தோல் பை, ஈரத்துணி, இரும்புக் கதவு, அடியில் ஒரு பேஸ், அதாவது நெஞ்சு அதிரும் தாழ்ந்த சத்தம். மேலே இசை, அதற்கும் மேலே காற்று. கேமராவும் ஒரு நொடி நிற்காது. மூன்று நிமிடம். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ரிலீசுக்கு இரண்டு நாள் கழித்து ஊர் தியேட்டரில் பார்த்தேன். சண்டை வெறும் சலசலப்பாகக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த வசனமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. புரொஜெக்டர் கேபினுக்கு ஓடினேன். தியேட்டரின் சத்தத்தை ஏற்றி இறக்கும் டால்பி ப்ராசஸரில் 7 என்பதுதான் நாங்கள் மிக்ஸ் செய்யும் அளவு. அங்கே நாலரையில் இருந்தது. ஆபரேட்டர் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "முதல் ஷோவுல சண்டைக்கே ஜனங்க காதைப் பொத்திக்கிட்டாங்க தம்பி. ஒருத்தர் கேபினுக்கே வந்து கத்தினார். இறக்கினேன், அப்படியே விட்டுட்டேன்."

முதல் மூன்று நிமிடத்துக்காக இறக்கிய குமிழ், மீதி இரண்டேகால் மணி நேரத்தையும் சேர்த்து இறக்கிவிட்டது. அம்மா சாகும் காட்சியில் அவர் என்ன சொல்லிவிட்டுச் செத்தார் என்றே யாருக்கும் கேட்கவில்லை.

சத்தமே கூடாது என்று நான் சொன்னதாகக் கீழே வந்து எழுதாதீர்கள். ஒரு ஜன்னல் உடைய வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு பத்து நொடியாவது காதைச் சும்மா விடுங்கள், கேமராவை ஒரே வேகத்தில் விடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

விமர்சனங்களில் 'ஒலிப்பதிவு சொதப்பல்' என்று வந்தது. இயக்குநரும் தயாரிப்பாளரிடம் 'மிக்ஸிங் சரியில்லை' என்று சொல்லிவிட்டார். அதைக் காரணம் காட்டி என் சம்பளத்தின் இரண்டாவது தவணையை நிறுத்தினார்கள். மேனேஜர் ஆறு மாதம் 'அடுத்த வெள்ளிக்கிழமை' என்றார், பிறகு போனை எடுப்பதில்லை. டைட்டிலில் என் பெயரிலும் ஓர் எழுத்து குறைவு.