பாட்டிலுக்குள் பச்சை இலை வேண்டாம்

கேள்வி: கொல்லிமலை அடிவாரத்தில் பாறையோரம் தானாக வளர்ந்து கிடக்கும் கற்பூரவல்லியைப் பறித்து வந்து, நாலு பல் பூண்டும் தட்டிப் போட்டு நல்லெண்ணெயில் ஊறவைத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. இந்த இலை கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, எண்ணெயை மாங்காய்த் தொக்கில் ஊற்றினால் கெடாமல் இருக்குமா? மீதியைக் கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தடவலாமா?

பதில்: முதலில் அந்தப் பாட்டிலைக் கழித்துவிடுங்கள். மணம் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பி ருசி பார்த்துவிடாதீர்கள்.

கற்பூரவல்லி இலை தடிமனானது. நகத்தால் கிள்ளினாலே சாறு வடியும், அத்தனையும் தண்ணீர். பூண்டு மண்ணுக்குள் விளைகிற பொருள். மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். இதற்குக் காற்று ஆகாது. எண்ணெய்க்கு அடியில் ஈரமும் இருந்து, புளிப்பும் இல்லாமல் போனால் வித்து முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நிறமும் வாடையும் மாறாமலே இது நடக்கலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில், உணவகம் ஒன்றில் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டைச் சாப்பிட்டுப் பலர் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள். யாராவது ஏற்கெனவே அதைச் சாப்பிட்டிருந்து, இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது என்று எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இலையே கிருமிக்கொல்லி ஆயிற்றே என்பீர்கள். பொய்யில்லை. இதில் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் உண்டு, செடிக்குச் செடி அளவு மாறும். ஓமத்தின் காரமும் தைமால்தான், இந்தச் செடிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் இருப்பதும் அந்த வாசனையால்தான். இரண்டுமே பாக்டீரியாவின் சவ்வைச் சிதைப்பவை. ஆய்வகத்தில் பாக்டீரியா பூசிய தட்டின் நடுவே, தைலத்தில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லை ஒன்றை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் அதைச் சுற்றி எதுவும் முளைக்காத ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் வில்லையில் இருப்பது நீராவியில் வடித்த தைலம். ஒரு கிலோ பச்சை இலைக்கு அது ஒரு மில்லி கிடைத்தாலே பெரிது. உங்கள் பாட்டிலில் இருப்பதோ ஊறல் எண்ணெய். நாம் இரண்டையும் எண்ணெய் என்றே சொல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். இன்னொன்று, கார்வக்ராலுக்கும் தைமாலுக்கும் கொழுப்பென்றால் கொள்ளைப் பிரியம். நல்லெண்ணெயில் கரைந்து அங்கேயே கிடக்கும். பாக்டீரியா வளர்வதோ இலையின் ஈரத்தில். மருந்து ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம்!

இந்த இலையில் ஆன்டிஆக்ஸிடன்டும் இருக்கிறதே என்பீர்கள். அது வேறு சங்கதி. எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போடுவது அதன் வேலை, கிருமியைத் தடுப்பதல்ல. ரோஸ்மேரி என்ற மூலிகையின் சாற்றை ஐரோப்பாவில் இ392 என்ற எண்ணில் உணவில் சேர்க்க அனுமதித்திருப்பதும் ஆன்டிஆக்ஸிடன்டாகத்தான். கற்பூரவல்லியில் உள்ள ரோஸ்மாரினிக் அமிலம் தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் இறங்கும், எண்ணெயில் இறங்காது. நல்லெண்ணெய்க்கோ சீசமால், சீசமின் என்று சொந்தப் பாதுகாப்பே இருக்கிறது.

சரி, தொக்குக்கு வருவோம். அதைக் காப்பாற்றுவது மாங்காயின் புளிப்பும் உப்பும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் தலைதூக்காது. இலையின் மணம் பிடிக்குமென்றால் மாங்காயோடு சேர்த்து நன்றாக வதக்குங்கள், ருசிக்காக மட்டும்.

பெரியவர்களுக்கு வெளிப்பூச்சாக வேண்டுமென்றால் காய்ச்சிய எண்ணெய்தான் சரி. இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, அரைத்து, நல்லெண்ணெயில் சிறுதீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கி, அடியில் தங்கும் கசடு விரலில் நெருடும்போது இறக்கி, ஆறியதும் வடிகட்டி, துளி ஈரமில்லாத அடர்நிற பாட்டிலில் ஊற்றுங்கள். காய்ச்சும்போது வீடே மணக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது பாத்திரத்தை விட்டு வெளியேறுகிற தைலம். ஈரம் போகும்போது மணமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். கடையில் வடித்த தைலம் வாங்கினால், 100 மில்லி நல்லெண்ணெய்க்கு 1 மில்லிக்கு மேல் கலக்காதீர்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எரிந்தால் விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம். தோல் மெல்லியது, காரமான ஆவி பட்டால் மூச்சும் திணறலாம். சளிக்கு டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், அந்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடியைத் திறக்காமல், இரண்டு கவரில் கட்டி, நாய் இழுக்காத இடமாகப் பார்த்துக் குப்பையில் போடுங்கள்.