லாரியின் ஏர் டேங்கில் தண்ணீர்

கேள்வி: ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் என் லாரியில், பிரேக்குக்கான காற்றைச் சேமித்து வைக்கும் ஏர் டேங்கில் தண்ணீர் தேங்குகிறது. வீட்டிலேயே சரிசெய்யலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: கம்பிரசர் இழுக்கும் காற்றிலுள்ள ஈரம், அழுத்தப்பட்டுப் பின் குளிரும்போது நீராகிவிடுவதால், மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது இயல்பே. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து, தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை வடிய விடுங்கள். வடிவதைச் சிறிது வெள்ளைத் துணியில் ஏந்திப் பாருங்கள். கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு மிகுதியாகப் படிந்தால் கம்பிரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அது பட்டறை வேலை. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் சேம்பரை (சுருள்வில்லின் விசையால் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் உருளை) மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே இறுகியிருக்கும் சுருள்வில் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும்.